பழைய லயனல் மாதிரித் தொடர்வண்டிகளின் ஒலிக்கோளாறுகள்

பழைய லயனல் மாதிரித் தொடர்வண்டிகளின் ஒலிக்கோளாறுகள் என்னும் இக்கட்டுரை, ஐக்கிய அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935 ஆம் ஆண்டு முதல் விற்பனை செய்த மாதிரி எஞ்சின்களில் ஊதல், ஒலிப்பான் ஆகியவை செயற்படும் முறையையும், அவை ஒலிக்காமல் போவதற்கான காரணங்களையும், அக்காரணங்களைக் கண்டறிந்து சீர்செய்யும் வழிகளையும் விளக்குகிறது. இவ்வகைத் தொடர்வண்டிகளில் ஒலியை உண்டாக்கும் கருவி எஞ்சினிலோ அதன் பின்னுள்ள டெண்டரிலோ இருக்கிறது. அதற்குக் கட்டளையிடும் கருவி மின்மாற்றியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது தண்டவாளம். எனவே ஒலி கேட்கவில்லை என்றால் கோளாறு இம்மூன்றில் எதிலும் இருக்கலாம். இதை உணராமல் நல்ல நிலையிலுள்ள டெண்டரைப் பிரித்துச் சிதைப்பதே பழைய மாதிரிகளுக்கு நேரும் பெருஞ்சேதங்களுள் ஒன்றாகும்.

பின்னணி

லயனல் நிறுவனம் 1900 ஆம் ஆண்டில் சோசுவா லயனல் கோவன் என்பவரால் நியூயார்க் நகரில் தொடங்கப்பட்டது. இதன் மிகப் பரவலான வகை 'ஓ' அளவு எனப்படுகிறது. இதன் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள் உள்ளன. வெளிப்புறக் கம்பிகள் இரண்டும் மின்சுற்றின் பொதுமுனையாகவும், நடுக்கம்பி மின்னழுத்தம் உள்ள முனையாகவும் பயன்படுகின்றன. எஞ்சினின் அடியிலுள்ள சிறு உருளைகள் நடுக்கம்பியைத் தொட்டு மின்சாரத்தைப் பெறுகின்றன. தண்டவாளத்தில் பாய்வது மாறுதிசை மின்னோட்டம் ஆகும். வேகத்திற்கேற்ப இதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 6 வோல்ட் முதல் 20 வோல்ட் வரை மாற்றப்படுகிறது.

1934 ஆம் ஆண்டில் கடும் நிதி நெருக்கடியில் இருந்த இந்நிறுவனம், 1935 இல் டெண்டரினுள் அமைந்த ஊதலை அறிமுகப்படுத்தியது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொலைவில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தி ஊதலை ஒலிக்கச் செய்ய முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1948 இல் எஃப்-3 வகை டீசல் எஞ்சின் மாதிரிகள் வந்தபோது, அவற்றுள் டீசல் ஒலிப்பான் அமைக்கப்பட்டது. 1980களின் இறுதியில் 'ரெயில்சவுண்ட்சு' என்னும் மின்னணு ஒலி அமைப்பு வந்தது. இம்மூன்று தலைமுறைகளிலும் ஒலி உண்டாகும் விதம் வேறுபட்டாலும், பொத்தானை அழுத்தும்போது தண்டவாளத்தின் வழியே செல்லும் அடிப்படைக் கட்டளை ஒன்றே ஆகும்.

செயற்படும் முறை

ஊதல் கட்டளை

ஒரே தண்டவாளக் கம்பி வழியாக ஓட்டத்திற்கான மின்சாரமும் ஊதலுக்கான கட்டளையும் செல்ல வேண்டும். இதற்கு லயனல் பொறியாளர்கள் எளிய வழி ஒன்றைக் கையாண்டனர். ஊதல் பொத்தானை அழுத்தும்போது மின்மாற்றியில் உள்ள ஓர் அலைதிருத்தி மின்சுற்றில் தொடராக இணைகிறது. இதனால் மாறுதிசை மின்னோட்டத்துடன் சிறிதளவு நேர்திசை மின்னோட்டக் கூறும் கலந்து தண்டவாளத்திற்குச் செல்கிறது. டெண்டரில் உள்ள ரிலே மாறுதிசை மின்னோட்டத்திற்கு அசையாது. நேர்திசைக் கூறு வந்தவுடன் மூடிக்கொள்ளும். ரிலேயின் உள்ளகத்தைச் சுற்றியுள்ள செப்பு உறை, மாறுதிசை மின்னோட்டத்தால் அது துடிக்காமல் தடுக்கிறது.

அலைதிருத்தி தொடராக இணைவதால் எஞ்சினுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறையும். அதனால் வண்டி தளர்ந்துவிடாதிருக்க, மின்மாற்றியில் ஏறத்தாழ 5 வோல்ட் தரும் கூடுதல் கம்பிச்சுற்று ஒன்று அதே வேளையில் சேர்க்கப்படுகிறது. மேலும், பொத்தான் இரண்டு நிலைகளில் செயற்படுகிறது.

- முதல் நிலையில் அலைதிருத்தி மட்டும் தொடராக இருக்கிறது. நேர்திசைக் கூறு மிகுதியாக இருப்பதால் ரிலே உறுதியாக மூடிக்கொள்கிறது.
- இரண்டாம் நிலையில் அலைதிருத்திக்குப் பக்க இணைப்பாக ஒரு மின்தடைக் கம்பி சேர்கிறது. நேர்திசைக் கூறு குறைகிறது. ஏற்கெனவே மூடிய ரிலேயை அந்நிலையில் நிறுத்திவைக்க இச்சிறு அளவே போதும்.

பொத்தானை அல்லது நெம்புகோலை முழுவதும் அழுத்தும்போது கை இயல்பாகவே முதல் நிலையைக் கடந்து இரண்டாம் நிலையை அடைகிறது. கோளாறுகளைப் பிரித்தறிவதற்கு இவ்விரு நிலைகளையும் தனித்தனியே கவனிப்பது இன்றியமையாதது.

டெண்டர் ஊதல்

டெண்டரில் உள்ள ஊதல் பதிவுசெய்யப்பட்ட ஒலியன்று. உண்மையான காற்று ஊதலே ஆகும். ரிலே மூடியதும் ஒரு சிறு மின்னோடி சுழல்கிறது. அதன் தண்டில் பொருத்திய விசிறிச் சக்கரம் காற்றை ஓர் அறைக்குள் தள்ளுகிறது. அக்காற்று வெவ்வேறு நீளமுள்ள குழல் அறைகளின் வாய் வழியே வெளியேறும்போது இரு சுருதிகள் இணைந்த ஒலி பிறக்கிறது. ஆகவே ஊதலின் தரம், மின்னோடியின் வேகத்தையும் காற்றறையின் இறுக்கத்தையும் பொறுத்தது.

டீசல் ஒலிப்பான்

எஃப்-3 முதலிய டீசல் எஞ்சின்களில் காற்று ஊதல் இல்லை. மாறாக, மோட்டார் வாகன ஒலிப்பானைப் போன்று, ஒரு மெல்லிய உலோகத் தகட்டை மின்காந்தம் அதிரச் செய்கிறது. இதற்கான மின்சாரம் தண்டவாளத்திலிருந்து வருவதில்லை. எஞ்சினுக்குள் வைக்கப்படும் 1.5 வோல்ட் 'டி' அளவு உலர் மின்கலம் ஒன்றே இதனை இயக்குகிறது. ரிலே இங்கு மின்கலத்தையும் ஒலிப்பானையும் இணைக்கும் சாவியாக மட்டும் செயற்படுகிறது.

கோளாறைப் பிரித்தறிதல்

எதனையும் பிரிப்பதற்கு முன்னர், கோளாறு மின்மாற்றியிலா வண்டியிலா என்பதை முடிவுசெய்ய வேண்டும். இதற்கு இரண்டு சோதனைகள் போதும்.

முதற்சோதனை: 12 வோல்ட் அளவுள்ள, போதிய மின்னோட்டம் வழங்கக்கூடிய நேர்திசை மின்வழங்கி ஒன்றை ஒரு துண்டுத் தண்டவாளத்துடன் இணைத்து, டெண்டரை மட்டும் அதன்மீது வைக்க வேண்டும். நேர்திசை மின்னோட்டம் மட்டுமே இருப்பதால் ரிலே உடனே மூடி, ஊதல் தொடர்ந்து ஒலிக்க வேண்டும். ஒலித்தால் டெண்டர் நல்ல நிலையில் உள்ளது. கோளாறு மின்மாற்றியில் அல்லது இணைப்புக் கம்பிகளில் உள்ளது. சிறிய 9 வோல்ட் மின்கலம் இச்சோதனைக்கு ஏற்றதன்று. அது ரிலேயை மூடக்கூடும். ஆனால் மின்னோடியைச் சுழற்றும் அளவு மின்னோட்டத்தைத் தராது.

இரண்டாம் சோதனை: தண்டவாளத்தில் ஒரு விளக்கு அல்லது வேறு சுமையை இணைத்து, பன்மானியை நேர்திசை மின்னழுத்த அளவீட்டில் வைத்து நடுக்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் இடையே அளக்க வேண்டும். பொத்தானை அழுத்தாதபோது அளவீடு சுழியை ஒட்டி இருக்க வேண்டும். பாதி அழுத்தும்போது சில வோல்ட்டுகள் தோன்றி, முழுதும் அழுத்தும்போது அது குறைய வேண்டும். சுமை எதுவும் இல்லாமல் அளந்தால் கிடைக்கும் எண் நம்பத்தக்கதன்று.

பொத்தானை அழுத்தும்போது வண்டி நடந்துகொள்ளும் விதமும் நல்ல அறிகுறியாகும்.

- வண்டி சற்று விரைகிறது, ஊதல் இல்லை: கூடுதல் கம்பிச்சுற்று சேர்கிறது; ஆனால் அலைதிருத்தி குறுக்கிணைந்து இருபுறமும் மின்சாரத்தைக் கடத்துகிறது. அல்லது டெண்டரில் கோளாறு உள்ளது. முதற்சோதனை இதனைத் தெளிவாக்கும்.
- பாதி அழுத்தும்போது வண்டி நின்று, முழுதும் அழுத்தும்போது மீண்டும் நகர்கிறது: அலைதிருத்தி அறுந்துள்ளது. இரண்டாம் நிலையில் மின்தடைக் கம்பி வழியே மட்டும் மின்சாரம் செல்கிறது.
- பாதி அழுத்தும்போது ஒலித்து, முழுதும் அழுத்தியதும் நின்றுவிடுகிறது: இரண்டாம் நிலையின் நேர்திசைக் கூறு போதவில்லை. சுமை மிகக் குறைவாக இருக்கலாம்; அல்லது ரிலேயில் அழுக்கு இருக்கலாம்.
- ஊதல் ஒலிக்கிறது. ஆனால் முழுதும் அழுத்திய நிலையிலும் வண்டி தளர்கிறது: மின்தடைக் கம்பி அறுந்து, அலைதிருத்தி மட்டுமே தொடராக நிற்கிறது.
- ஊதல் பொத்தானை அழுத்தினால் வண்டி திசை மாறுகிறது: பொத்தானின் தொடுமுனைகளில் மின்சாரம் ஒரு நொடிப்பொழுது அறுபடுகிறது. லயனல் எஞ்சின்களின் திசைமாற்று அமைப்பு மின்தடங்கலையே கட்டளையாகக் கொள்வதால் இவ்வாறு நேர்கிறது.

மின்மாற்றியில் ஏற்படும் கோளாறுகள்

1948 இல் அறிமுகமான இசட்-டபிள்யூ, அதன்பின் வந்த கே-டபிள்யூ போன்ற மின்மாற்றிகள் இன்றும் பல சேகரிப்பாளர்களிடம் பயன்பாட்டில் உள்ளன. இவற்றில் முதலில் பழுதாகும் பாகம் தட்டு வடிவ அலைதிருத்தியே ஆகும். வயது முதிர்வதாலும், ஊதலை அழுத்திய வேளையில் வண்டி தடம்புரண்டு குறுக்கிணைப்பு ஏற்படுவதாலும் இது கெட்டுப்போகிறது.

பழைய தட்டிற்குப் பதிலாகச் சிலிக்கான் டையோடு பொருத்துவது பரவலான வழக்கம். அப்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மின்மாற்றி வழங்கக்கூடிய முழு மின்னோட்டத்தையும் டையோடு தாங்க வேண்டும். இசட்-டபிள்யூ போன்ற பெரிய மின்மாற்றிகளுக்கு 12 ஆம்பியருக்குக் குறையாத, திருகாணி வடிவ டையோடுகளைப் பயன்படுத்துவர். இரண்டாவது, டையோடு சூடேறுவதால் அது உலோகப் பரப்புடன் நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். அதே நேரத்தில் வேண்டாத இடத்தில் மின்தொடர்பு ஏற்படக்கூடாது. மூன்றாவது, டையோடின் திசை பழைய தட்டின் திசையை ஒத்திருக்க வேண்டும். பழைய காற்று ஊதலின் ரிலே எத்திசையிலும் மூடும். ஆனால் பிற்கால மின்னணு எஞ்சின்கள் ஒரு திசையை ஊதலுக்கும் எதிர்த்திசையை மணிக்கும் உரிய கட்டளையாகக் கொள்கின்றன. டையோடைத் திருப்பி இணைத்தால், ஊதல் பொத்தானுக்கு மணி ஒலிக்கும். மின்மாற்றியிலிருந்து தண்டவாளத்திற்குச் செல்லும் இரு கம்பிகளை இடம்மாற்றி இணைத்தாலும் இதே விளைவு ஏற்படும். இதனைப் பலர் எஞ்சினின் பழுதாகக் கருதி மின்சுற்றுப் பலகையையே மாற்றிவிடுகின்றனர்.

பொத்தானின் தொடுமுனைகள் கரியேறி இருந்தால் அவற்றை மெல்லிய தேய்ப்புத்தாளால் துடைத்து, தூசியை அகற்றினால் போதும்.

தண்டவாளமும் மின்னேற்பும்

நடுக்கம்பியில் படியும் எண்ணெய், துரு, கரி ஆகியவை மின்தொடர்பைக் குறைக்கின்றன. எஞ்சின் ஓடுவதற்குப் போதுமான மின்சாரம் கிடைத்தாலும், டெண்டரின் உருளை தனியே அழுக்கடைந்திருந்தால் ஊதல் விட்டுவிட்டு ஒலிக்கும். டெண்டரை ஓரிடத்தில் நிறுத்தி ஒலிக்கச் செய்து, பின்னர் வேறோர் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் கோளாறு தண்டவாளத்திலா உருளையிலா என்பது விளங்கும். எல்லா இடங்களிலும் ஒரே அளவில் தடுமாறினால் உருளை அல்லது அதன் கம்பி இணைப்பு காரணம். சில இடங்களில் மட்டும் தடுமாறினால் தண்டவாள இணைப்பு காரணம்.

பொதுமுனையை மறத்தல் கூடாது. மின்சாரம் நடுக்கம்பியிலிருந்து வந்து, டெண்டரின் சக்கரங்கள் வழியாகத்தான் வெளிக்கம்பிக்குத் திரும்புகிறது. சக்கர அச்சில் எண்ணெய் பிசுக்காகிக் கெட்டிப்பட்டிருந்தால் இத்திரும்பும் வழி அடைபடும்.

தண்டவாளத்தை எஃகுக் கம்பளியால் தேய்ப்பது தவறு. அதன் நுண்ணிய துகள்கள் மின்னோடிக்குள் சென்று குறுக்கிணைப்பை உண்டாக்கும். 1950 முதல் லயனல் பயன்படுத்திய 'மேக்னட்ராக்சன்' என்னும் காந்தச் சக்கரங்கள் இத்துகள்களை ஈர்த்துக்கொள்ளும் என்பதால் தீங்கு மேலும் பெருகும். மென்மையான துணியில் சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்துத் துடைப்பது பாதுகாப்பானது.

டெண்டர் ஊதலின் கோளாறுகள்

ரிலே மூடவில்லை

கம்பிச்சுருள் அறுந்திருத்தல், அசையும் தகடு துருவேறி ஒட்டிக்கொள்ளுதல், தகட்டிற்கும் காந்தத்திற்கும் உள்ள இடைவெளி மிகுதியாக இருத்தல் ஆகியவை காரணங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தகட்டை மெல்லிய மரக்குச்சியால் அசைத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி அசைந்து தன் எடையாலோ வில்லாலோ திரும்ப வேண்டும். பின்னர், மின்சாரம் உள்ள நிலையில் அதே மரக்குச்சியால் தகட்டை மூடினால் மின்னோடி சுழல வேண்டும். சுழன்றால் மின்னோடி நன்று, ரிலேயே குறையுடையது.

ரிலே மூடுகிறது, மின்னோடி சுழலவில்லை

ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கலாம். தடித்த தாள் ஒன்றை ஆல்ககாலில் நனைத்துத் தொடுமுனைகளின் இடையே இழுத்தால் பெரும்பாலும் தீரும். அரம் கொண்டு தேய்த்தால் தொடுமுனையின் உலோகம் விரைவில் தேய்ந்துபோகும். அதன்பின்னும் சுழலாவிடில், மின்னோடியின் கரித்தூரிகைகள் தேய்ந்தனவா, அவற்றின் வில்கள் நிலைபெயர்ந்தனவா, திசைமாற்றியின் பள்ளங்களில் கரித்தூள் நிரம்பியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பள்ளங்களில் உள்ள கரியை மரக்குச்சியால் நீக்கலாம்.

ஒலி தாழ்ந்து, முனகலாகக் கேட்கிறது

மின்னோடி போதிய வேகத்தில் சுழலவில்லை என்பது இதன் பொருள். தண்டின் தாங்கிகளில் பழைய எண்ணெய் பசையாக மாறியிருப்பது முதற்காரணம். பழைய எண்ணெயை அகற்றிவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு துளி மட்டும் இட வேண்டும். மிகுதியாக இட்டால் அது திசைமாற்றிக்குப் பரவி, கரித்தூளுடன் சேர்ந்து புதிய கோளாறை உண்டாக்கும்.

இதற்குப் பழுதே இல்லாத ஒரு காரணமும் உண்டு. ஊதல் மின்னோடி தண்டவாள மின்னழுத்தத்தையே பயன்படுத்துகிறது. இரண்டு மூன்று இலேசான பெட்டிகளை மட்டும் இழுத்து வண்டி மெதுவாக ஓடும்போது மின்னழுத்தம் குறைவாக இருக்கும். ஊதலும் தாழ்ந்தே ஒலிக்கும். மேலும், இரண்டாம் நிலையில் உண்டாகும் நேர்திசைக் கூறு, சுற்றில் பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுமை குறைந்தால் அக்கூறும் குறைந்து ரிலே விடுபடும். இழை விளக்குகள் உள்ள பயணியர் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் இவ்விரு குறைகளும் ஒருங்கே நீங்குவதைக் காணலாம். அவ்விளக்குகளுக்குப் பதிலாக ஒளியுமிழ் டையோடு விளக்குகளைப் பொருத்திய பின்னர் ஊதல் கெட்டுவிட்டதாகத் தோன்றுவதும் இதனாலேயே.

மின்னோடி விரைவாகச் சுழல்கிறது, ஆனால் ஒலி மெலிந்து காற்றிரைச்சலாக உள்ளது

காற்றறையின் மூடியும் உடலும் சேரும் இடத்தில் கசிவு உள்ளது. இடையிலுள்ள அடைப்புத்தாள் காய்ந்து சுருங்கியிருக்கும். அதே தடிமனுள்ள புதிய தாளை வெட்டிப் பொருத்தலாம். விசிறிச் சக்கரம் தண்டில் வழுக்குகிறதா என்றும், ஊதலின் வாயில் தூசி, நூலிழை போன்றவை சிக்கியுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். காற்று வெளியேறும் துளைகளின் விளிம்பைக் கத்தியால் சுரண்டக்கூடாது. விளிம்பின் வடிவமே சுருதியைத் தீர்மானிக்கிறது. அது சிதைந்தால் மீட்க இயலாது.

டீசல் ஒலிப்பானின் கோளாறுகள்

டீசல் எஞ்சின்களில் ஒலிப்பானின் முதற்பகை மின்கலமே ஆகும். பல ஆண்டுகள் உள்ளேயே விடப்பட்ட மின்கலம் கசிந்து, தொடுவில்லையும் எஞ்சினின் அடித்தகட்டையும் அரித்துவிடும். சில வேளைகளில் ஒலிப்பான் மட்டுமன்றி எஞ்சின் முழுவதும் வீணாகிறது. ஆகவே பயன்படுத்தாத காலத்தில் மின்கலத்தை வெளியே எடுத்துவைப்பது, பிற எல்லாப் பராமரிப்பிலும் முதன்மையானது.

கசிவைத் துடைக்கும் முறை மின்கல வகையைப் பொறுத்தது. கார மின்கலங்களிலிருந்து கசிவது பொட்டாசியம் ஐதராக்சைடு. இதனை நீர்த்த வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றால் நடுநிலைப்படுத்தலாம். பழைய துத்தநாக-கரி மின்கலங்களின் கசிவு அமிலத்தன்மை உடையது. இதற்குச் சமையல் சோடாக் கரைசல் ஏற்றது. பின்னர் சிறிது நீரால் துடைத்து முற்றிலும் உலர்த்த வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்வது நலம்.

புதிய மின்கலம் இட்டும் ஒலிக்கவில்லையெனில், 1.5 வோல்ட்டை நேரடியாக ஒலிப்பானின் முனைகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒலித்தால் ரிலே அல்லது தொடுவில் குறையுடையது. ஒலிக்காமல் 'டக்' என்னும் ஓசை மட்டும் கேட்டால், தகட்டை அதிரச் செய்யும் தொடுமுனையின் இடைவெளி தவறியுள்ளது. சரிப்படுத்தும் திருகை மிகச் சிறிதளவாகத் திருப்பி, ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். திருப்புவதற்கு முன் திருகின் பழைய நிலையைக் குறித்துவைப்பது பயன் தரும்.

மின்கலம் ஓரிரு நாளிலேயே தீர்ந்துபோனால், ரிலேயின் தொடுமுனை எப்போதும் மூடியே இருக்கிறது என்று கொள்ளலாம்.

வேண்டாத ஒலிகள்

ஒலி இல்லாமை மட்டுமன்றி, வேண்டாத ஒலியும் கோளாறே ஆகும்.

எஞ்சின் நிற்கும்போது கேட்கும் உரத்த ரீங்காரம் பெரும்பாலும் ஊதலிலிருந்து வருவதன்று. 'ஈ-யூனிட்' எனப்படும் திசைமாற்று அமைப்பின் மின்காந்தம், தண்டவாளத்தில் மின்சாரம் உள்ளவரை மாறுதிசை மின்னோட்டத்தால் அதிர்கிறது. ஓரளவு ரீங்காரம் இயல்பானதே. மிகுதியாக இருந்தால், உட்செல்லும் இரும்புத் தண்டின் அழுக்கை நீக்கி, தளர்ந்த திருகுகளை இறுக்க வேண்டும். அத்தண்டிற்கு எண்ணெய் இடக்கூடாது. எண்ணெய் தூசியைச் சேர்த்துத் தண்டை ஒட்டவைக்கும்.

பொத்தானைத் தொடாமலேயே ஊதல் ஒலித்தால், தண்டவாளத்தில் எங்கோ நேர்திசைக் கூறு புகுந்துள்ளது. ஒற்றை டையோடுடன் இணைக்கப்பட்ட விளக்குகள் போன்ற, அலையின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தும் துணைக்கருவிகள் இதற்குக் காரணமாகலாம். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். எல்லாவற்றையும் நீக்கிய பின்னும் ஒலித்தால், மின்மாற்றியின் பொத்தான் முழுவதும் திரும்பி வரவில்லை. அல்லது டெண்டரின் ரிலே மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டுள்ளது. ரிலே 'கரகர' எனத் துடித்தால் தகட்டின் இடைவெளி மிகக் குறைந்துவிட்டது எனலாம்.

மின்னணு ஒலி அமைப்புகள்

ரெயில்சவுண்ட்சு போன்ற அமைப்புகளில் ஒலி மின்னணுச் சில்லில் பதிவாகியுள்ளது. ஒலிபெருக்கி வழியே வெளிவருகிறது. இவையும் இன்று பழையவையாகிவிட்டன. சோதனையை எளியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

- ஒலியளவுத் திருகு: பல மாதிரிகளில் டெண்டரின் அடியில் உள்ளது. முற்றிலும் குறைத்து வைக்கப்பட்டிருக்கலாம்; அல்லது தூசியால் தொடர்பு அற்றிருக்கலாம். பலமுறை இருபுறமும் திருப்பினால் சில வேளை சரியாகும்.
- 9 வோல்ட் மின்கலம்: தண்டவாள மின்சாரம் ஒரு கணம் அறுபடும்போது ஒலி நிற்காதிருக்க இது உதவுகிறது. திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலி நின்றுபோனால் மின்கலம் தீர்ந்துள்ளது, பலகை பழுதாகவில்லை.
- எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையிலுள்ள கம்பி: வளைந்து வளைந்து உள்ளேயே அறுந்திருக்கலாம். இணைப்பானின் ஊசிகள் மடங்கியிருக்கவும் கூடும்.
- ஒலிபெருக்கி: ஒலி கரகரத்தால் கூம்பு கிழிந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். மாற்றும்போது பழைய ஒலிபெருக்கியில் குறித்துள்ள ஓம் அளவே உள்ள ஒன்றைப் பொருத்த வேண்டும். அதனிலும் குறைந்த ஓம் அளவுள்ள ஒலிபெருக்கி, பெருக்கிச் சில்லு தாங்குவதை விட மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து அதனைச் சுட்டுவிடலாம்.
- மின்பகு மின்தேக்கிகள்: வயதாகும்போது வீங்கியோ உலர்ந்தோ போகும். ஒலியுடன் இடைவிடாத உறுமல் கலந்து வந்தால் இவற்றை ஐயுறலாம். மாற்றும்போது துருவத் திசையையும், குறையாத மின்னழுத்தத் தாங்குதிறனையும் கவனிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் கடந்த பின்னரே பலகையில் குறை உள்ளதாகக் கொள்ளலாம். ஒலிச் சில்லு பழுதானால் அதே ஒலியுடன் கூடிய மாற்றுப் பலகை கிடைப்பது அரிது.

பாதுகாப்பு

பழைய மின்மாற்றியின் உட்பகுதியில் வீட்டு மின்சாரம் நேரடியாக வருகிறது. சுவரிலிருந்து செருகியை நீக்காமல் மூடியைத் திறக்கக்கூடாது. இரப்பர் உறையுள்ள பழைய மின்கம்பி வெடித்து உதிர்ந்திருந்தால், பிற வேலைகளுக்கு முன்னரே அதனை மாற்ற வேண்டும்.

அமெரிக்க மின்மாற்றிகள் 120 வோல்ட், 60 எர்ட்சு மின்சாரத்திற்காக அமைந்தவை. இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் உள்ள 230 வோல்ட் மின்சாரத்துடன் நேரடியாக இணைத்தால் அவை எரிந்துவிடும். இறக்கு மின்மாற்றி ஒன்றின் வழியாக இணைத்தாலும், 50 எர்ட்சு அலைவெண்ணில் அவை கூடுதலாகச் சூடேறும் என்பதால் நெடுநேரம் கவனிப்பின்றி இயக்குதல் தகாது.

முன்னாளில் தொடுமுனைகளைத் துடைக்கப் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நஞ்சாகும். பழைய வழிகாட்டி நூல்களில் அதன் பெயர் காணப்பட்டாலும் பயன்படுத்தக்கூடாது. பழைய பற்றாசில் ஈயம் இருப்பதால், பற்றவைத்த பின்னர் கைகளைக் கழுவ வேண்டும்.

அசல் பாகங்களும் மாற்றுப் பாகங்களும்

பழைய எஞ்சினுக்குள் புதிய மின்னணு ஒலிப் பலகையைப் பொருத்துவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் அதற்காகக் காற்றறையை வெட்டி எறிந்தால், 1935 முதல் தொடர்ந்த ஒரு பொறியியல் தீர்வின் சான்று அந்த டெண்டரிலிருந்து அழிகிறது. சேகரிப்பு மதிப்பும் குறைகிறது. அலைதிருத்தி, மின்கம்பி, அடைப்புத்தாள், தூரிகை ஆகியவை தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே அமைந்தவை. ரிலே, காற்றறை, விசிறிச் சக்கரம் ஆகியவை ஊதலின் உடல். முன்னவற்றைத் தயக்கமின்றி மாற்றலாம். பின்னவற்றைத் துடைத்துப் பேணுவதே நல்ல முறை. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக வைத்து ஒளிப்படம் எடுத்துக்கொள்வதும், கழற்றிய அசல் பாகங்களை ஓர் உறையிலிட்டு வண்டியுடனேயே வைத்திருப்பதும் அடுத்து வருபவருக்கு உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

- மின்மாற்றி
- டையோடு
- ரிலே
- நீராவி எஞ்சின்
- உலர் மின்கலம்